வீட்டில் வேப் கட்டலாமா? திருகோணமலையில் பொடியன்கள் கேட்பவையும் என் பதில்களும்

மே மாதத்திலிருந்து செப்டெம்பர் வரை உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் வெள்ளைக்காரர் நிறைந்திருப்பார்கள். அவர்கள் வாயில் வேப் (இ-சிகரெட்) புகைவதைப் பார்த்துவிட்டு நம் பொடியன்கள் ரிப்பேர் மேசைக்கு வந்து நிற்பார்கள். "அண்ணா, ஒரு பற்றரி, ஒரு கம்பி, ஒரு சுவிச். நாமளே கட்டலாம்தானே?" கிண்ணியாவிலிருந்து வருகிறவன் "நானா" என்பான், கேள்வி ஒன்றுதான்.

சார்ஜர், டோர்ச், பற்றரி பார்க்கிற மேசை என்பதால் இந்தக் கேள்வி எங்களிடம்தான் வரும். வேப் கட்டிக் கொடுப்பதில்லை. ஆனால் "கூடாது" என்று மட்டும் சொல்லி அனுப்பினால் அவன் வீட்டுக்குப் போய் வீடியோ பார்த்துக் கட்டுவான். ஆகவே கணக்கோடு சொல்கிறேன். கை துறுதுறுக்கிறவர்களுக்கு அதே சாமானில் வேறு என்ன கட்டலாம் என்பதும் கீழே இருக்கிறது.

வேப்புக்குள் அப்படி என்னதான் இருக்கிறது?

கடற்கரையில் எறிந்துவிட்டுப் போகிற, ஒருமுறை பாவித்துத் தூக்கிப்போடும் வேப்பைக் கழற்றினால் எல்லாம் விளங்கும். கையுறை போட்டுக்கொண்டு மூடியை நெம்பினால் முதலில் விரல் பருமன்கூட இல்லாத ஒரு சின்ன உருளைச் செல் வரும். சிவப்பும் கறுப்புமாக முடி போன்ற இரண்டு வயர். அடிப்பக்கம் பழைய போனின் மைக் போல ஒரு சின்னத் தகரக் குப்பி. வாயால் இழுக்கும்போது காற்று அசைவதை அதுதான் உணர்ந்து கரண்டை விடும், பட்டன் தேவையில்லை. மேல்பக்கம் மஞ்சள் பிடித்த பஞ்சு, அதன் நடுவே திரியைச் சுற்றிய மெல்லிய கம்பி. பஞ்சில் ஊறியிருக்கும் திரவம் அந்தக் கம்பியின் சூட்டில் ஆவியாகும். அவ்வளவுதான்.

அந்தப் பஞ்சை வெறுங்கையால் பிழிய வேண்டாம். நிக்கோட்டின் தோல் வழியாகவும் உடம்புக்குள் போகும். சின்னப் பிள்ளை இருக்கிற வீட்டில் மேசையில் வைத்துவிட்டு எழும்பிப் போகவும் வேண்டாம்.

இன்றைய வடிவத்து இ-சிகரெட் 2003 அளவில் ஹொன் லிக் என்ற சீன மருந்தாளரின் வேலையிலிருந்து வந்தது. தூக்கியெறியும் வகை பிறகு வந்தது. அதற்குள் இருப்பதும் பெரும்பாலும் திரும்பச் சார்ஜ் ஏற்றக்கூடிய நல்ல லித்தியம் செல்தான். ஒருமுறை பாவித்துக் குப்பையில் போடுவதற்கா இதைச் செய்தார்கள் என்று பார்க்கும்போதே எரிச்சல் வரும். பிரித்தானியாவில் 2025 ஜூன் 1 முதல் இந்த வகையை விற்க முடியாது.

இவ்வளவுதானே சாமான், கட்டினால் என்ன?

ஓ.எல். விஞ்ஞானத்தில் ஓமின் விதி படித்திருப்பீர்கள். அழுத்தத்தைத் தடையால் வகுத்தால் மின்னோட்டம். பரீட்சையோடு மறந்த அந்த ஒரு வரிதான் இங்கே உயிர் சம்பந்தப்பட்டது.

முழுதாகச் சார்ஜ் ஏறிய லித்தியம் செல் 4.2 வோல்ட். கம்பியின் தடை 0.5 ஓம் என்றால் 8.4 அம்பியர் ஓடும், கிட்டத்தட்ட 35 வாட் சூடு. வீடியோவில் "பெரிய புகை" காட்டுகிறவன் 0.2 ஓமுக்குச் சுற்றுவான். அப்போது 21 அம்பியர், 88 வாட். இன்னும் சுற்றைக் குறைத்து 0.1 ஓம் ஆக்கினால் 42 அம்பியர். நம் போன் சார்ஜர் கொடுப்பது 1 அல்லது 2 அம்பியர் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள்.

பொடியன் கொண்டுவரும் செல் எது? பழைய லப்டொப் பற்றரியை உடைத்து எடுத்தது. அந்த வகையில் பல செல்கள் 4, 5 அம்பியருக்கு மேல் தொடர்ந்து கொடுக்கச் செய்யப்பட்டவை அல்ல. அதில் 20 அம்பியர் இழுத்தால் செல் உள்ளேயே சூடேறும். ஓர் அளவைத் தாண்டினால் அந்தச் சூடே மேலும் சூட்டை உண்டாக்கும். அதன் பிறகு சுவிச்சை விட்டாலும் நிற்காது.

இதைவிட மோசம், அதை உலோகக் குழாய்க்குள் அடைத்து மூடியை முறுக்குவது. செல்லிலிருந்து வரும் வாயு வெளியேற வழி இல்லாவிட்டால் குழாய் வெடிக்கும். அந்த நேரத்தில் அது இருப்பது வாயில். 2018இல் புளோரிடாவிலும் 2019இல் டெக்சாஸிலும் வேப் வெடித்து ஆட்கள் இறந்திருக்கிறார்கள்.

கடையில் விற்கும் நல்ல கருவியில் ஒரு சின்ன சர்க்கிட் இருக்கிறது. அது கம்பியின் தடையை முதலில் அளக்கும், ஷோர்ட் என்றால் கரண்டே விடாது, பட்டனை விடாமல் அழுத்தினால் சில விநாடிகளில் தானே நிறுத்தும், செல் இறங்கினால் வெட்டும். வீட்டில் "செல், சுவிச், கம்பி" என்று கட்டுவதில் இந்த வேலையில் ஒன்றைக்கூடச் செய்ய ஆள் இல்லை.

பியூஸ் ஒன்று போட்டால் சரிதானே?

நல்ல கேள்வி, யோசித்துக் கேட்கிற பொடியன்தான் இதைக் கேட்பான். விளக்கு, பவர் பேங்க் போன்றவற்றுக்குப் பியூஸ் கட்டாயம் போடலாம். ஆனால் இங்கே கம்பி சாதாரணமாக வேலை செய்யவே 8 முதல் 20 அம்பியர் வரை வேண்டும். அதை விடுகிற பியூஸ் செல் தாங்கக்கூடிய அளவைத் தாண்டியும் விடும். செல்லைக் காக்கிற பியூஸ் போட்டால் வேப் வேலை செய்யாது. இரண்டுக்கும் பொருந்துகிற ஒன்றைத் தேடி அலைய வேண்டாம்.

கம்பியை ஈயத்தால் ஒட்டலாமா?

கூடவே கூடாது. சோல்டர் பண்ணும் சாதாரண 60/40 ஈயத்தில் நூற்றுக்கு 40 பங்கு உண்மையான ஈயம். அது 190 பாகை செல்சியஸுக்குள் உருகிவிடும். வேப் கம்பி அதைவிடச் சூடாகும். ஒட்டு இளகும், கம்பி கழன்று ஷோர்ட் ஆகும், ஈயம் பட்ட ஆவி நேரே நெஞ்சுக்குள் போகும். பழைய அயன்பொக்ஸ் கம்பியைச் சுற்றலாமா என்றும் கேட்கிறார்கள். அதன் மேல் என்ன படிந்திருக்கிறது என்று தெரியாத கம்பியைச் சூடாக்கி அந்த ஆவியை இழுப்பது யாருக்கும் நல்லதில்லை.

நிக்கோட்டின் இல்லாமல், சித்தாலேப அல்லது யூக்கலிப்டஸ் தைலம் விட்டு இழுத்தால்? தடிமனுக்கு ஆவி பிடிக்கிறோமே!

ஆவி பிடிக்கும்போது சட்டியில் இருப்பது கொதிநீர். போர்வைக்குள் மேலே வருவது நீராவி, அதோடு கொஞ்சம் வாசம். வேப் கம்பி செய்வது வேறு. எண்ணெயைச் சுட்டு நுண்துளியாக்கி நுரையீரலின் அடிவரை அனுப்புகிறது. எண்ணெயை உடம்பு வயிற்றில் செரிக்கும், நுரையீரலில் செரிக்காது. அங்கே தங்கி அழற்சி வரும். தேங்காயெண்ணெய், நல்லெண்ணெய், களிம்பு எல்லாவற்றுக்கும் இது பொருந்தும்.

2019இல் அமெரிக்காவில் நுரையீரல் நோய் அலையாக வந்தது நினைவிருக்கலாம். 2020 பெப்ரவரி வரை ஆஸ்பத்திரிக்குப் போனவர்களும் இறந்தவர்களுமாக 2,807 பேர், இறந்தவர்கள் 68. முக்கிய காரணமாகக் கண்டது கஞ்சா எண்ணெய் வேப்புகளில் கலந்திருந்த விற்றமின் ஈ அசிற்றேற்று. விற்றமின் ஈ குளிசையாக விழுங்கலாம், தோலில் பூசலாம், இழுத்தால் நுரையீரல் கெட்டது. "இயற்கையான சாமான்தானே" என்கிற பேச்சு இங்கே எடுபடாது.

சிகரெட்டை விட நல்லது என்கிறார்களே?

எரிவது இல்லை என்பதால் தாரும் காபன் மொனொக்சைட்டும் சிகரெட்டை விடக் குறைவு, அது சரி. வருஷக்கணக்காகப் பத்துவதை நிறுத்த நினைக்கிறவர் டொக்டரிடம் கேட்கட்டும். பத்தாத பொடியனுக்கு இது நிக்கோட்டின் பழக்கத்தின் ஆரம்பம். வீட்டில் கட்டியதுக்கோ அந்த வாதமே பொருந்தாது.

சட்டம் என்ன சொல்கிறது?

2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கப் புகையிலை, மதுசாரச் சட்டத்தின்படி 21 வயதுக்குக் குறைந்தவருக்குப் புகையிலைப் பொருள் விற்கக் கூடாது. 2016இல் வந்த ஒழுங்குவிதி புகையிலை கொண்ட இ-சிகரெட்டைத் தயாரிப்பதையும் இறக்குமதி செய்வதையும் விற்பதையும் தடை செய்தது. நான் பார்க்கிறது பற்றரி வேலை. இதற்கு மேல் சட்டத்தரணியிடம்தான் கேட்க வேண்டும்.

சரி, வேப் வேண்டாம். ஆனால் 18650 செல்லைப் பற்றிப் படிக்க ஆசை. நல்லது எது என்று எப்படித் தெரியும்?

இந்தக் கேள்விக்காகத்தான் நான் இதையெல்லாம் எழுத உட்கார்ந்தேன்.

18650 என்றால் 18 மில்லிமீட்டர் விட்டம், 65 மில்லிமீட்டர் நீளம். சாதாரண அழுத்தம் 3.6 அல்லது 3.7 வோல்ட், முழுச் சார்ஜில் 4.2. லித்தியம் அயன் பற்றரியை முதலில் 1991இல் சோனி சந்தைக்குக் கொண்டுவந்தது. அதற்கு வழி செய்த மூவருக்கு 2019இல் இரசாயனவியல் நோபல் பரிசு கிடைத்தது.

செல்லை வாங்கும்போது மேலே எழுதியிருக்கும் கொள்ளளவு எண்ணைப் பாருங்கள். 9900, 6800 என்று அச்சடித்திருந்தால் அப்படியே திருப்பி வையுங்கள். இந்த அளவு செல்லில் நல்ல கொம்பனி எட்டியிருப்பதே 3,500 மில்லிஅம்பியர் மணித்தியாலத்தை ஒட்டித்தான். அதைப்போல் இரண்டு, மூன்று மடங்கு எழுதியிருக்கிறவன் உள்ளே என்ன வைத்திருப்பான்? தராசு இருந்தால் நிறுத்துப் பாருங்கள். நல்ல செல் 45 கிராம் அளவில் இருக்கும். நகைக்கடைத் தராசு வேண்டாம், சமையலறைத் தராசே போதும். கையில் எடுத்ததும் காற்றாக இருந்தால் அதுவே பதில்.

அடுத்தது உறை. செல்லின் மேலே இருக்கும் சின்னப் பொத்தான் மட்டும்தான் நேர்முனை. அதைச் சுற்றியிருக்கும் விளிம்பு, பக்கம், அடி எல்லாமே எதிர்முனை. நேர்முனைக்கும் எதிர்முனைக்கும் நடுவில் ஒரு மெல்லிய பிளாஸ்ரிக் வளையமும் மேலே சுற்றிய நிற உறையும்தான் இருக்கின்றன. அந்த உறை விளிம்பில் ஒரு நகக்கீறல் அளவு கிழிந்திருந்தாலும், காற்சட்டைப் பையில் சாவியும் சில்லறையும் சேர்ந்து அந்த இடத்தில் பட்டால் முழு ஷோர்ட். தொடையில் சூடு பட்டவர்கள் எல்லாம் வேப் இழுத்துக்கொண்டிருந்தவர்கள் அல்ல, பலர் செல்லைச் சும்மா பையில் போட்டுக்கொண்டு போனவர்கள். உறை கிழிந்தால் புதிய சுருங்கும் உறை போடுங்கள், விளிம்பில் கடதாசி வளையத்தையும் வைத்து. செல்லோ, பற்றரியோ, தனியாக எடுத்துப் போனால் பிளாஸ்ரிக் பெட்டியில்.

லப்டொப் பற்றரியை உடைத்து எடுத்த செல்?

எடுக்கலாம். ஸ்குரூ டிரைவரைக் குத்தி உடைக்கக் கூடாது. பிளாஸ்ரிக்கின் ஒட்டு வரியில் மெதுவாக நெம்ப வேண்டும், செல்லைத் துளைத்தால் கதை முடிந்தது. எடுத்ததும் மல்டிமீட்டரை வையுங்கள். 2.5 வோல்டுக்கு மேல் இருந்தால் சார்ஜ் ஏற்றிப் பார்க்கலாம். 2 வோல்டுக்குக் கீழே மாதக்கணக்கில் கிடந்ததை உயிர்ப்பிக்க வேண்டாம், உள்ளே செம்பு கரைந்து படிந்திருக்கக்கூடும். நன்றாகச் சார்ஜ் ஏறியதை ஒரு வாரம் விட்டு மறுபடி அளங்கள். தானாக இறங்கியிருந்தால் கழித்துவிடுங்கள். துருப்பிடித்தது, இனிப்பான பெயின்ற் வாசம் வருவது, சார்ஜ் ஏறும்போது கை பொறுக்காமல் சுடுவது, இவை எல்லாம் நேரே கழிவுக்கு.

செல்லின் முனையில் நேரே ஈயம் ஒட்ட வேண்டாம். அந்தச் சூடு உள்ளே இருக்கும் பிளாஸ்ரிக்கைக் கெடுக்கும். தொடக்கக்காரருக்கு ஸ்பிரிங் வைத்த செல் கூடு போதும், வயரை அதில் ஒட்டுங்கள்.

சார்ஜ் ஏற்ற எது நல்லது?

டி.பி.4056 என்கிற சின்ன நீலப் பலகை. கடையில் இரண்டு வகை இருக்கும். ஒன்றில் ஒரு ஐ.சி. (கறுப்புச் சில்லு) மட்டும், வயர் ஒட்டும் இடமும் பி கூட்டல் (B+), பி கழித்தல் (B-) என்று இரண்டு மட்டும். மற்றதில் பக்கத்தில் இன்னும் இரண்டு சின்ன ஐ.சி. இருக்கும், அவுட் என்று எழுதிய இடமும் தனியாக இருக்கும். பாதுகாப்பு உள்ளது இரண்டாவது. செல் மட்டும் பி முனைகளுக்கு, விளக்கு அவுட் முனைகளுக்கு. மாற்றிக் கொடுத்தால் விளக்கு எரியும், ஆனால் பாதுகாப்பு வேலை செய்யாது. அதனால்தான் இந்தப் பிழை கண்ணுக்குத் தெரிவதில்லை.

பலகை வரும்போதே 1 அம்பியருக்கு வைத்திருப்பார்கள். 2,000 மில்லிஅம்பியர் மணித்தியால லப்டொப் செல்லுக்கு அது சரி. தூக்கியெறிந்த வேப்பிலிருந்து எடுத்த சின்னச் செல் 500 அளவில்தான் இருக்கும், அதற்கு 1 அம்பியர் அதிகம். பலகையில் 122 என்று எழுதிய ஒரு சின்னத் தடை இருக்கிறது, அது 1.2 கிலோ ஓம். 1,200ஐ அந்தத் தடையின் ஓம் அளவால் வகுத்தால் சார்ஜ் அம்பியர் வரும். அதை எடுத்து 4.7 கிலோ ஓம் போட்டால் கிட்டத்தட்ட 250 மில்லிஅம்பியர். சின்னச் செல்லுக்கு இது பொருத்தம்.

சார்ஜ் போடும் இடத்தில் தலையணை, மெத்தை, கடதாசி இருக்கக் கூடாது. ஓடு, சீமெந்துத் தரை நல்லது. நித்திரைக்குப் போகும்போது பிளக்கைக் கழற்றுங்கள்.

இங்கத்தைய வெயிலும் உப்புக்காற்றும் பற்றரியைக் கெடுக்குமா?

கெடுக்கும். லித்தியம் செல்லுக்குச் சார்ஜ் ஏற்றும் எல்லை பொதுவாக 45 பாகை. கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் பகல் 35 பாகைக்கு வரும். வெயிலில் நிறுத்திய பைக்கின் சீற்றுக்குக் கீழே, மூடிய ஓட்டோவின் டாஷ்போட்டில், அதைவிட எவ்வளவோ கூட. வீட்டுக்குள் வந்து ஆறிய பிறகு சார்ஜ் போடுங்கள். உப்புக்கு மருந்து, முனைகளை உலர்ந்த துணியால் துடைத்து மூடிய டப்பாவில் வைப்பதுதான். பச்சை பிடித்த ஸ்பிரிங் தடை கூடிச் சூடாகும், மாற்றிவிடுங்கள்.

செல் புகைந்தால் என்ன செய்வது?

கையில் பிடிக்க வேண்டாம். இடுக்கியாலோ மண்வெட்டியாலோ வெளியே தள்ளுங்கள், முடியாவிட்டால் ஆட்களை வெளியேற்றுங்கள். புகையை மூச்சில் எடுக்கக் கூடாது, அதில் ஹைதரசன் புளோரைட் என்ற நச்சு வாயு இருக்கலாம். லித்தியம் அயன் செல்லில் உலோக லித்தியம் கட்டியாக இல்லாததால் நிறையத் தண்ணீர் ஊற்றலாம், தண்ணீர் அதன் சூட்டை எடுக்கும். வாளி மண் பக்கத்துக்குத் தீ பரவாமல் தடுக்கும். அணைந்ததாகத் தெரிந்தாலும் மறுபடி பற்றலாம், சில மணித்தியாலத்துக்கு வெளியிலேயே கிடக்கட்டும்.

பழைய செல்லை எங்கே போடுவது?

வளவில் குப்பை எரிக்கும்போது அதோடு போட்டு வெடித்தது நம் ஊரில் புதுக்கதை அல்ல. முனைகளில் டேப் ஒட்டித் தனி டப்பாவில் சேர்த்து, இ-கழிவு எடுப்பவரிடமோ பற்றரி விற்ற கடையிலோ கொடுங்கள். தெருவோரக் குப்பையில் போட்டால் கோட்டைப் பக்கம் திரியும் மான்கள் பையைக் கிழித்துத் தின்னும். பிளாஸ்ரிக் தின்று அவை படுவது போதும்.

அப்போ என்ன கட்டலாம்?

தலையில் கட்டும் விளக்கு. டச் பேயில் இரவில் தூண்டில் போடுகிறவருக்கும், தம்பலகாமம் குடாவில் இறால், நண்டு பார்க்கிறவருக்கும், வயலுக்குத் தண்ணீர் கட்டப் போகிறவருக்கும் அது வேண்டும்.

தேவையானவை: நல்ல ஒரு 18650, அதற்கான கூடு, பாதுகாப்புள்ள டி.பி.4056 பலகை, அலுமினியத் தகட்டில் ஒட்டிய 1 வாட் வெள்ளை எல்.ஈ.டி., ஏ.எம்.சி.7135 என்ற மூன்று கால் ஐ.சி., ஒரு சுவிச், 1 அம்பியர் பியூஸ். எல்.ஈ.டி. 3.2 வோல்ட் அளவில் வேலை செய்யும். செல் 4.2இலிருந்து இறங்கிக்கொண்டே வரும். நடுவில் கட்டுப்பாடு இல்லாவிட்டால் முதலில் எல்.ஈ.டி. வெந்துவிடும். அந்த மூன்று கால் ஐ.சி. மின்னோட்டத்தை 350 மில்லிஅம்பியரில் பிடித்து வைக்கும். வேப்பில் இல்லாமல் போனது இந்தக் கட்டுப்பாடுதான்.

கட்டுவது இப்படி. கூட்டின் சிவப்பு வயரில் பியூஸ் போட்டு பி கூட்டலுக்கு, கறுப்பு பி கழித்தலுக்கு. அவுட் கூட்டலிலிருந்து சுவிச். சுவிச்சிலிருந்து ஒரு வயர் எல்.ஈ.டி.யின் கூட்டலுக்கு, இன்னொன்று ஐ.சி.யின் சப்ளைக் காலுக்கு. எல்.ஈ.டி.யின் கழித்தல் ஐ.சி.யின் அவுட் காலுக்கு. நடுக்கால் அவுட் கழித்தலுக்கு. செல்லைப் போட முன் மல்டிமீட்டரை ஓமில் வைத்து, சுவிச்சைப் போட்ட நிலையில் அவுட் கூட்டலுக்கும் கழித்தலுக்கும் நடுவே ஷோர்ட் இல்லை என்று பாருங்கள். பிறகுதான் செல். கூட்டலையும் கழித்தலையும் மாற்றிப் போட்டால் பலகை புகைந்துவிடும், கூட்டின் அடியில் மார்க்கரால் பெரிதாக எழுதிவையுங்கள்.

2,000 மில்லிஅம்பியர் மணித்தியாலச் செல்லில் ஐந்து மணித்தியாலத்தை ஒட்டி எரியும். கடைசியில் வெளிச்சம் மெல்ல மங்கும், அப்போது கரைக்குத் திரும்ப நேரம் இருக்கும். சார்ஜ் ஏறும்போது விளக்கைப் போட வேண்டாம், பலகைக்குச் செல் எப்போது நிறைந்தது என்று தெரியாமல் போகும்.

வாடைக்காலத்து மழைக்குத் தாங்குமா?

சோப்புப் பெட்டியில் போட்டால் தாங்காது. ரப்பர் வளையமுள்ள மூடியுடைய சின்னப் பிளாஸ்ரிக் டப்பா வாங்கி, வயர் போகும் துளையைச் சிலிக்கன் பசையால் அடையுங்கள். சார்ஜ் துளைக்கு ரப்பர் அடைப்பான். எல்.ஈ.டி. தகட்டை மட்டும் டப்பாவுக்கு வெளியே காற்றுப் படும்படி விடுங்கள், அதன் இரண்டு ஒட்டுகளுக்கு மேலேயும் அதே பசையைப் பூசுங்கள். கடலில் விழுந்து எடுத்தால் உடனே செல்லைக் கழற்றி, மற்றதை நல்ல தண்ணீரில் கழுவி இரண்டு நாள் நிழலில் காயவிடுங்கள். உப்புத்தண்ணீர் உள்ளே போன செல்லை, மீட்டர் நல்ல வோல்ட் காட்டினாலும், திரும்பப் போட வேண்டாம்.